பத்தாம் வகுப்பில் டார்வின்: பரிணாமப் பாடமும் அரசியல்வாதிகளின் நிலைப்பாடுகளும், 1925–2024

மடத்துக்குளம் வட்டத்தில் ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்பு முடிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையின் அறிவியல் நூலில் 19ஆம் அலகு ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’. சிபிஎஸ்இ பள்ளி வேனில் போய்வந்த பிள்ளையின் நூலில் அந்தப் பொருளே கிடையாது. ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த என்சிஇஆர்டி அத்தியாயம் 2023-24 கல்வியாண்டின் நூலில் ‘மரபுவழி’ என்று மட்டும் நிற்கிறது. பக்கத்தில் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கிவரும் சைனிக் பள்ளியும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதுதான். இந்தப் பிரிவினை எப்படி வந்தது, அதில் அரசியல்வாதிகளின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. டார்வினை வெளிப்படையாக மறுத்துப் பேசியவர்களால் பாடநூலில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியவில்லை. மறுப்பு எதுவும் சொல்லாமல் பாடச்சுமை என்ற பெயரில் நடந்த நீக்கம் நிறைவேறிவிட்டது என்பதே என் வாதம்.

பள்ளியில் பரிணாமம் கற்பிப்பதை அரசியல் பிரச்சினையாக்கிய நாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காதான். டென்னசி மாநிலம் 1925இல் இயற்றிய பட்லர் சட்டம், விவிலியம் சொல்லும் படைப்பை மறுத்து மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைத் தடை செய்தது. அந்தச் சட்டத்தை மீறியதாக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் டேட்டன் நகரில் விசாரிக்கப்பட்டார். அரசுத் தரப்பில் நின்றவர், குடியரசுத் தலைவர் பதவிக்கு மூன்று முறை போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1968இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தடைகளைச் செல்லாது என்றது. படைப்பு, பரிணாமம் இரண்டையும் சமமாகக் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா சட்டத்தை 1987இல் ரத்து செய்தது. அதன் பிறகும் 2005இல் ஜார்ஜ் புஷ், இரு தரப்பையும் மாணவர்கள் அறிய வேண்டும் என்று பேசினார். அங்கே சண்டை சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்தது. சட்டம் கண்ணுக்குத் தெரிவதால் அதை எதிர்த்து வழக்கும் போட முடிந்தது.

ஸ்கோப்ஸ் வழக்கு தொடங்கிய அதே 1925 மே மாதத்தில், 2ஆம் தேதி, ஈரோட்டில் ‘குடிஅரசு’ வெளிவந்தது. 1922இல் திருப்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் கோயில் நுழைவுத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றுப்போன ஈ.வெ.ரா. நடத்திய ஏடு அது. 1930களில் அந்த ஏட்டில் ம. சிங்காரவேலர் எழுதிய அறிவியல் கட்டுரைகள் தனித்த ஆய்வுக்கு உரியவை. சென்னையில் வழக்கறிஞராகவும் பௌத்தராகவும் பின்னர் பொதுவுடைமையாளராகவும் வாழ்ந்த அவர், டார்வினை ஐரோப்பியச் செய்தியாக எழுதவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதற்கு இயற்கையில் ஆதாரம் இல்லை என்று காட்டும் கருவியாக எடுத்துக்கொண்டார். பரிணாமம் இங்கே கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கில் மட்டும் சாட்சி சொல்லவில்லை. சாதி வழக்கிலும் சாட்சிக் கூண்டேறியது. உடுமலைப் பகுதியில் பிறந்த நாராயணகவி, என்.எஸ். கிருஷ்ணனுக்கு எழுதிய பாட்டுகள் வழியே பகுத்தறிவுப் பேச்சு கொட்டகைவரை வந்து சேர்ந்தது. படைப்புவாதத்துக்கு ஒரு கட்சி வெளிப்படையாக வாக்குக் கேட்கும் நிலை தமிழ்நாட்டில் உருவாகாமல் போனதற்கு இந்த முன்வரலாறு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது 28(1). அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது 51அ(எச்). கடமையைச் சொல்லும் இந்தப் பிரிவு 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழி வந்தது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் அதே திருத்தம்தான். அறிவியல் மனப்பான்மையைக் கடமையாக்கிய கை, பாடநூலில் தலையிடும் பலத்தை மத்திய அரசுக்குக் கூட்டியும் கொடுத்தது. பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்த இரட்டைத் தன்மை முக்கியம்.

இந்தியாவில் எழுந்த மறுப்பு, ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்ற வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று, டார்வின் சொன்னதை நம் புராணம் முன்பே சொல்லிவிட்டது என்பது. மீன், ஆமை, பன்றி எனத் தொடங்கும் பத்து அவதாரங்களைப் பரிணாமத்தோடு பொருத்திக் காட்டியவர்களில் முந்தியவர் பிளாவட்ஸ்கி. 1877இல் வந்த அவருடைய நூலில் இந்த ஒப்பீடு உள்ளது. அவரும் சேர்ந்து நிறுவிய பிரம்மஞான சபையின் தலைமையகம் பின்னர் அடையாற்றுக்கு வந்தது. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் இதையே மீண்டும் மேடையேற்றினார். மற்றொன்று நேரடி மறுப்பு. 2018 ஜனவரியில் அவுரங்காபாத்தில் பேசிய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை எவரும் கண்டதில்லை, டார்வின் கோட்பாடு தவறு, பள்ளி, கல்லூரிப் பாடத்திட்டத்தில் மாற்ற வேண்டும் என்றார். அவர் வேதியியல் படித்தவர், மும்பை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர்.

அந்த மாதம் 21ஆம் தேதியே நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் இத்தகைய பேச்சைத் தவிர்க்கும்படி இணையமைச்சரிடம் சொன்னார். டார்வினைத் தவறென்று நிறுவக் கருத்தரங்கு எதுவும் நடத்தப்போவதில்லை என்றும் அறிவித்தார். 2019 ஜூலையில் மக்களவையில், மனித உரிமைகள் பாதுகாப்புத் திருத்த மசோதா விவாதத்தில், நாம் ரிஷிகளின் வழிவந்தவர்கள் என்று சத்யபால் சிங் மறுபடியும் பேசினார். தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி எழுந்து, தம் முன்னோர் ரிஷிகள் அல்லர், அறிவியல் சொல்லும் ஹோமோ சேப்பியன்கள், தம் பெற்றோர் சூத்திரர்கள் என்று பதில் தந்தார். சிங்காரவேலர் 1930களில் பரிணாமத்தையும் சாதியையும் முடிச்சுப் போட்ட இடத்திலேயே அந்தப் பதிலும் நின்றது.

பேச்சுகள் இப்படி முறியடிக்கப்பட்ட நிலையில், கொரோனாக் காலத்துப் பாடச்சுமைக் குறைப்பு வந்தது. 2022இல் என்சிஇஆர்டி வெளியிட்ட பகுத்தறிந்து குறைத்த பகுதிகளின் பட்டியலில் பத்தாம் வகுப்பின் பரிணாமப் பகுதியும் இருந்தது. கொரோனா ஓய்ந்து அச்சான அடுத்த நூலில் அது திரும்பி வரவில்லை. 2023 ஏப்ரலில் பிரேக்துரு சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட திறந்த மடலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் ஒப்பமிட்டனர். கல்வி இணையமைச்சர் சுபாஷ் சர்க்கார், இது தவறான பிரச்சாரம், பன்னிரண்டாம் வகுப்பில் டார்வின் இருக்கிறார், படிக்க விரும்பும் பிள்ளைக்கு இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்றார். 2018இல் ‘டார்வின் தவறு’ என்றபோது பதில் சொல்ல ஒரு கூற்று இருந்தது. 2023இல் எவரும் டார்வினைத் தவறென்று சொல்லவில்லை. அதனால்தான் இந்த நீக்கத்தை எதிர்ப்பது கடினமாயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது என்ற பதில் எங்கள் பக்கத்தில் எடுபடாது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுப்பவர்களுக்கே அந்தப் பாடம் வரும். வணிகவியலோ கணினி அறிவியலோ எடுப்பவருக்கு வராது. பத்தோடு படிப்பை நிறுத்துபவருக்கு எதுவும் வராது. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் புறப்படும் கம்பெனி பஸ்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங், ஓவர்லாக் வேலைக்குப் போகிறவர்களில் பத்தாம் வகுப்பே கடைசி என்று நின்றவர்கள் நிறைய. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி விடுதியில் தங்கவைக்கப்பட்ட பெண்களும் பத்தாம் வகுப்பை ஒட்டிய வயதினர். அவர்கள் கையில் கடைசியாக இருந்த அறிவியல் புத்தகம் பத்தாம் வகுப்புப் புத்தகம்தான். அவர்களுக்கு இணையத்தைக் காட்டுவது பொறுப்பைக் கைகழுவுவது. எல்லாரும் சேர்ந்து படிக்கும் கடைசி வகுப்பில் ஒரு பாடம் இருக்கிறதா என்பதே அது பொதுக்கல்வியா, தேர்ந்தெடுத்தவர்களின் கல்வியா என்பதைத் தீர்மானிக்கிறது.

மாநிலப் பாடநூலைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். இப்போதைய பத்தாம் வகுப்பு நூல் 2019இல் வந்தது. அப்போது ஆட்சி அதிமுகவுடையது, பள்ளிக்கல்வி அமைச்சர் கோபிசெட்டிபாளையத்துச் செங்கோட்டையன். 2021இல் ஆட்சி மாறியும் 19ஆம் அலகு அப்படியே நீடித்தது. மடத்துக்குளம் சட்டமன்றத் தொகுதி 2011, 2016, 2021 தேர்தல்களில் அதிமுக, திமுக, அதிமுக என மாறி மாறி வாக்களித்தது. அமராவதிப் பாசனத் தண்ணீரும் கிருஷ்ணாபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கே மேடைப் பொருள்கள்; பரிணாமம் ஒருபோதும் அப்படி ஆகவில்லை. இரு கட்சிகளும் ஒத்துப்போகும் அரிதான இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனாலும் மாநில நூல்களில் குறை உண்டு. மேல்நிலை இரண்டாம் ஆண்டு விலங்கியல் நூல், உயிரின் தோற்றம் பற்றிய கோட்பாடுகளில் சிறப்புப் படைப்பையும் ஒன்றாக வைத்து, பிரம்மா படைத்தார் என்ற நம்பிக்கையைக் குறிப்பிடுகிறது. கருத்துகளின் வரலாறு என்ற வகையில் அதைச் சொல்லலாம். சோதித்துப் பார்க்க முடியாததைக் கோட்பாடு என்று அழைப்பது மாணவரைக் குழப்பும். பத்தாம் வகுப்பு நூலில் திருவக்கரைக் கல்மரங்கள் இடம்பெற்றிருப்பது நல்ல செயல். அதேபோல் எங்கள் திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம் மாடும் இடம்பெற வேண்டும். பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை மாட்டுக்காரப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காளை தேர்ந்து இனத்தைச் செம்மைப்படுத்தியது. சித்திரையில் கூடும் கண்ணபுரம் சந்தையில் பல் பார்த்து, சுழி பார்த்து, திமில் பார்த்து மாடு பிடிக்கிறார்கள். அதில் திமிலுக்கும் உடற்கட்டுக்கும் விலை கூடுவதும், அந்தக் காளைக்கே பசுவை ஓட்டிச் செல்வதும் செயற்கைத் தேர்வு. சுழிக்கும் உடல்வலுவுக்கும் தொடர்பு உண்டா என்று கணக்கெடுத்துப் பார்க்கச் சொன்னால் அது வகுப்பறையில் நல்ல அறிவியல் பயிற்சி. டார்வினும் தம் நூலை வீட்டு விலங்குகளிலிருந்தும் வளர்ப்புப் புறாக்களிலிருந்தும்தான் தொடங்கினார்.

பாடநூலைக் காப்பது மட்டும் போதாது என்பதை 2024 காட்டியது. ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், திருப்பூரிலிருந்து இயங்கிய ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்று மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி பள்ளிக்கு வந்து அந்த ஆசிரியரைப் பாராட்டினார். நம் பாடநூல்களிலேயே சிறந்த அறிவியல் சிந்தனைகள் உள்ளன என்று முதல்வர் ஸ்டாலின் அறிக்கை விட்டார். செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைதானார். கைது தேவையா என்பது விவாதத்துக்கு உரியது. எனக்கு முக்கியமாகப் படுவது, அழைப்பு பள்ளிக்குள்ளிருந்தே போயிருக்கிறது என்பதும், தடுத்தவர் சட்டத்தைக் கொண்டல்லாமல் வகுப்பறை அறிவைக் கொண்டு தடுத்தார் என்பதும்தான். ஆகவே மாநிலப் பாடத்திட்டம் அடுத்து திருத்தப்படும்போது, சுமை குறைப்பு என்ற சொல் எந்தக் குழுவின் வாயிலிருந்து வந்தாலும் 19ஆம் அலகு பத்தாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். அதை நடத்தும் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும்.