சாறு நொதியைத் தடுத்தால் போதுமா?

பெரியதாழைக் கடற்கரையில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்தால் போதும், “மாத்திரை எதுக்கு? முருங்கைக்கீரையை அவிச்சுக் குடியும்” என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். இதைக் கேட்டு நகைப்பதும் தவறு. சோதிக்காமல் நம்புவதும் தவறு. சோதிப்பது எப்படி?

முதலில் நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்து வந்த சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலின் முதலிய பொருள்களைப் பிரித்தார். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, 1949-இல் முடிவை வெளியிட்டார். அதன் பிறகே மேலைநாட்டார் கவனம் அதன்மேல் திரும்பியது. 1952-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர்.

ரிசர்ப்பின் நரம்பு முனைகளில் வேலை செய்வது. அழுத்தத்தைக் குறைக்க வேறொரு வழியும் இருந்தது. நம் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-1 என்னும் சங்கிலி உண்டு. அதில் 10 அமினோ அமிலக் கண்ணிகள். ஒரு நொதி கத்தரிபோல் இரண்டு கண்ணிகளை வெட்டிவிட்டால், மிஞ்சும் 8 கண்ணிச் சங்கிலி இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழுத்தம் ஏறும். இந்நொதியை 1956-இல் அமெரிக்காவில் ஸ்கெக்ஸ் குழுவினர் அறிவித்தனர். கத்தரியின் வாயை அடைக்கும் பொருள் பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சில் கிடைத்தது. பெரேரா 1965-இல் அந்நஞ்சைப் பற்றி எழுதிய ஆய்வே இதற்கு வழிகாட்டியது. அதைப் பின்பற்றி குஷ்மனும் ஒண்டெட்டியும் உருவாக்கிய காப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மூலிகைச் சாறும் இக்கத்தரியைத் தடுக்குமா? இதை அறிய 1971-இல் குஷ்மனும் சியுங்கும் வகுத்த முறை உதவுகிறது. செயற்கையாகச் செய்த சிறு சங்கிலி ஒன்றை நொதியோடு கலப்பார்கள். நொதி வெட்டினால் ஹிப்யூரிக் அமிலம் பிரியும். அது 228 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உறிஞ்சும். உறிஞ்சுதல் சாறு இல்லாதபோது 0.80, சாறு சேர்த்தபோது 0.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு பாதியாகிவிட்டது, அதாவது, தடுப்பு 50 விழுக்காடு.

இங்கேதான் ஏமாந்துபோகும் இடம். பருத்தி வலை வழங்கிய காலத்தில் மீனவர்கள் வலையை மரப்பட்டைக் கசாயத்தில் தோய்த்தார்கள் அல்லவா? அதிலுள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். நொதியும் புரதமே! டானின் மிகுந்த சாறு எதுவானாலும் சோதனைக்குழாயில் கெட்டிக்கார மருந்துபோல் நடிக்கும். ஆகவே டானினை நீக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அதிலும் தேறிய பொருள் குடலில் சிதையாமல் இரத்தத்தை அடைகிறதா, தீங்கு செய்யாதா என்று விலங்குகளிலும் பின்னர் மனிதரிலும் பார்க்க வேண்டும்.

சர்ப்பகந்தி பெயர் பெற்றது பழமையால் மட்டுமன்று. வக்கீல் மனிதரிடம் அளந்து காட்டியதால். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியின்றி வளர்ந்து, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படும். எனவே முருங்கைக்கீரையைத் தாராளமாக உண்ணுங்கள், நல்ல உணவு. ஆனால் அதை நம்பி, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.