வன்னியின் கல்லும் குளமும்



வரலாறு என்றதும் அரசரையும் போரையும் நினைத்தல் நம் வழக்கம். வன்னியின் வரலாற்றைப் பண்டாரவன்னியனிலிருந்து தொடங்குவோர் உளர். அவனுக்கு முற்பட்ட குளங்களிலிருந்து தொடங்குவோரும் உளர். அக்குளங்களுக்குக் காரணமாயிருந்த கல்லிலிருந்து தொடங்குவாரைக் காண்டல் அரிது. பள்ளிச் சிறுவர்க்கு அவ்வரலாற்றை எவ்வாறு புகட்டலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நிலத்தைப் படிக்கும் முறை எளியது. குலையாது கிடக்கும் படைகளுள் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்று டென்மார்க் நாட்டவரான ஸ்டெனோ 1669இல் எழுதினார். நெற்சூட்டின் அடியிற் கிடக்கும் கட்டே முதலில் வைத்த கட்டு என்பதை அறிந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதன்று.

வன்னியில் மூன்று படைகளைக் காட்டலாம். அடியிற் கிடப்பது கருங்கல். வவுனியாப் பக்கத்தில் இது பல இடங்களில் தரைக்கு மேலே தலைகாட்டும். நிலத்தின் ஆழத்தில், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பாறை இது. அக்காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே பெருங்கண்டத்தின் உறுப்புகளாயின.

அதன்மேல், வடக்கிலும் மேற்கிலும், சுண்ணக்கல் படிந்துள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடல் அங்கே பரந்திருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளே இன்று கல்லாயின. முல்லைத்தீவுக் கரையிலிருந்து புத்தளம் நோக்கி ஒரு கோடு கீறினால், அதற்கு வடமேற்கே சுண்ணக்கல், தென்கிழக்கே பழம்பாறை என்று பருமட்டாகக் கொள்ளலாம். இவற்றிற்கு மேலே, பல இடங்களில், செம்மண்ணும் பரற்கல்லும் கிடக்கின்றன.

இந்நாட்டின் கற்களை முறைப்படி ஆராயும் கனிப்பொருள் அளவை 1903இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் தொடங்கிற்று. பின்னர் 1991இல் குரோனர், குரே, விதானகே என்னும் அறிஞர் மூவர், இலங்கைப் பழம்பாறையின் ஒரு பெரும் பிரிவுக்கு 'வன்னித் தொகுதி' எனப் பெயரிட்டனர். செம்மண் பரற்படையோ, தொல்லியலாளர் சிரான் தெரணியகலவின் ஆய்வுகளால் 'இரணைமடுப் படிவு' என அறியப்படுகின்றது. தெற்கே பூந்தலவில் இத்தகைய படிவில் அகப்பட்ட கற்கருவிகள் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமையுடையன எனக் கணிக்கப்பட்டுள்ளன. வன்னியும் இரணைமடுவும் அறிஞர் நூல்களில் ஏறிவிட்டன; வன்னிப் பிள்ளையின் பாடத்தில் அவை ஏறவேண்டாமோ?

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தார் கிணற்றை நம்பினர். வன்னியார் குளத்தை நம்பினர். சுண்ணக்கல்லின் துளைகளும் பிளவுகளும் மழைநீரைத் தம்முள் ஏற்று வைக்கும். கருங்கல் ஏற்காது, அதன் வெடிப்புகளிலும், மேலே உக்கிய பகுதியிலும் மட்டுமே சிறிது நீர் தங்கும். மறிக்காவிட்டால் மாரிமழை ஓடிக் கடலிற் சேரும். ஆகவேதான் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் எழுந்தன; கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளமும் எழுந்தது. கிணற்றை எவ்வளவு ஆழம் தோண்டலாம், கிரவலை எங்கே அகழலாம் என்று நாளை தீர்மானிக்கப் போகின்றவர் இன்றைய மாணவரே. படையறியாதார் தீர்மானத்தால் ஊர் நீரை இழக்கும்.

பாடத்துக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டா. சுண்ணக்கல்லில் ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும், கருங்கல்லில் நுரையாது. கிணறு வெட்டுவோர் வாரியிடும் மண்ணை ஆழ வரிசையில் போத்தலில் இட்டு வைத்தால், அவ்வூரின் நிலப்படைகள் வகுப்பறைக்கே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கண்ட கல்லை எடுத்துப் பார், கண்ட இடத்தைத் தோண்டிப் பார் என்று பிறநாட்டு ஆசிரியர் சொல்வதுபோல் வன்னி ஆசிரியர் சொல்ல இயலாது. 2009இல் முடிந்த போர், நிலத்தின் மேற்படையில் மிதிவெடிகளையும் வெடியாத குண்டுகளையும் விட்டுச் சென்றது. பெருமளவு அகற்றப்பட்டும் முற்றும் அகற்றப்பட்டிலது. ஆதலின் மாணவர் தாமே தோண்டலாகாது. பழகிய வெளியில் நின்று பார்த்தலும், பெரியோர் எடுத்துத் தந்ததைத் தொட்டறிதலுமே முறை. அறியாத இரும்பைக் கண்டால் தொடாது விலகிப் பெரியோர்க்கு அறிவித்தலும் அப்பாடத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

55 கோடி ஆண்டுப் பாறையையும் நேற்றைய இரும்பையும் ஒருங்கே அறிந்து நடக்கவேண்டிய பிள்ளைகள் வன்னிப் பிள்ளைகள். அவர்கள் நிற்கும் நிலத்தை அவர்களுக்கு அறிமுகஞ் செய்து வைத்தல் நம் கடன்.