ஏரியின் நடுவே இரண்டு தடங்கள்

சியாட்டிலுக்கும் பெல்வ்யூவுக்கும் இடையில் வாஷிங்டன் ஏரி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. ஆழம் சில இடங்களில் 60 மீட்டருக்கு மேல். அடியில் மெத்தென்ற சேறு. தூண் நட்டுப் பாலம் கட்டுவது கட்டுப்படியாகாது. அதனால் 1940-இல் கான்கிரீட் மிதவைகளை வரிசையாகப் பிணைத்து, நங்கூரம் பாய்ச்சி, அவற்றின் மேல் சாலை போட்டார்கள். கான்கிரீட் எப்படி மிதக்கும் என்று ஊரிலிருந்து வரும் எல்லோரும் கேட்பார்கள். உள்ளே கூடாக இருக்கும்வரை மிதக்கும். தண்ணீர் புகுந்தால் மூழ்கும். மூழ்கவும் செய்தது. 1990 நவம்பர் 25 அன்று, புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது, புயலில் அந்தப் பாலத்தின் மிதவைகள் ஒவ்வொன்றாக ஏரிக்குள் போயின. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. போக்குவரத்தும் நீண்டகாலம் முடங்கவில்லை. ஏனென்றால் பக்கத்திலேயே இன்னொரு மிதக்கும் பாலம் 1989-இல் திறக்கப்பட்டிருந்தது.

நான் பேச வந்தது அந்த இரண்டாவது பாலத்தின் இரண்டு தடங்களைப் பற்றி. 2017 வரை அவற்றில் காரும் பஸ்ஸும் ஓடின. இப்போது அங்கே தண்டவாளம் கிடக்கிறது. மிதக்கும் பாலத்தின் மேல் லைட் ரயில் என்பது உலகத்தில் வேறெங்கும் இல்லாத பொறியியல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, அந்த இரண்டு தடங்களை ரயிலுக்குக் கொடுக்கலாம் என்று 1976-இலேயே எழுதிவைத்து, 2004-இல் திருத்தி எழுதி, அப்புறமும் 2017 வரை சண்டை போட்ட காகிதம்.

கதை அறுபதுகளில் தொடங்குகிறது. ஐ-90 நெடுஞ்சாலையை அகலப்படுத்த மாநில அரசு நினைத்தது. ஏரியின் மேற்குக் கரையில், சியாட்டிலின் ரெய்னியர் பள்ளத்தாக்கு, ஜட்கின்ஸ் பகுதிகளில், சாலைக்காக வீடுகளை வாங்கி இடித்தார்கள். பெரிய வசதியில்லாதவர்களின் குடியிருப்புகள் அவை. ஏரியின் நடுவில் மெர்சர் தீவு. வசதியானவர்களின் ஊர். அகலமான நெடுஞ்சாலை தீவை இரண்டாக வகுந்துவிடும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் வேலை நடக்கக்கூடாது என்று எழுபதுகளின் தொடக்கத்தில் தடை வந்தது. வீடுகளை இடித்த இடங்கள் வருஷக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தன.

முட்டுக்கட்டையை உடைத்தது 1976 டிசம்பரில் கையெழுத்தான உடன்பாடு. சியாட்டில், மெர்சர் தீவு, பெல்வ்யூ, கிங் கவுண்டி, அந்த வட்டாரத்தின் பஸ்களை ஓட்டிய மெட்ரோ, மாநில நெடுஞ்சாலை ஆணையம் என்று ஆறு தரப்புகள். அந்தப் பேச்சுவார்த்தைகளில் முக்கியமான ஆள் ஆப்ரி டேவிஸ். மெர்சர் தீவின் மேயராக இருந்தவர். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். சாலை வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் ஒன்றும் கிடைக்காது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சாலை வரட்டும், ஆனால் சின்னதாக வரட்டும், மேலே மூடிபோட்டு வரட்டும், நடுவில் பஸ்ஸுக்கு இடம் விட்டு வரட்டும் என்பதாகப் பேச்சு நகர்ந்தது.

முடிவில் எட்டுத் தடங்கள். ஒவ்வொரு திசைக்கும் மூன்று, நடுவில் இரண்டு. நடுத்தடங்களில் முதல் முன்னுரிமை பொதுப் போக்குவரத்துக்கு. இரண்டாவது, பலர் சேர்ந்து போகும் கார்பூல்களுக்கு. மூன்றாவது, மெர்சர் தீவுக்காரர்களின் வண்டிகளுக்கு. காரில் ஒற்றை ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. தீவிலிருந்து வெளியேற நெடுஞ்சாலையை விட்டால் வேறு வழியில்லை என்பதற்கான சலுகை அது. பெரிய மாற்றம் எதையும் மற்றவர்களைக் கலந்துகொள்ளாமல் செய்யக்கூடாது என்றும் ஒரு ஷரத்து. இவற்றோடு, நடுத்தடங்களைப் பின்னாளில் தண்டவாளமாக மாற்ற முடிகிற மாதிரியே கட்ட வேண்டும் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். மென்பொருளில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பின்னால் தேவைப்படும் என்று எழுதிவைத்த எந்த வசதியும் பின்னால் தேவைப்பட்டதில்லை. தேவைப்பட்டது எதுவும் எழுதிவைக்கப்பட்டிருந்ததில்லை. ரயில் போடப் பணமும் கிடையாது, திட்டமும் கிடையாது. சியாட்டில் வட்டாரத்தில் ரயில் திட்டம் 1968-இலும் 1970-இலும் வாக்கெடுப்பில் தோற்று ஆறே வருஷம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உட்கார்ந்து அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்த ஆறு பேரும் ஒரு விஷயத்தை யோசித்திருக்க வழியில்லை. நடுத்தடங்கள் திசை மாறும் தடங்களாக ஓடின. காலையில் சியாட்டில் நோக்கி, மாலையில் சியாட்டிலை விட்டு. சியாட்டில்தான் ஊர், ஏரிக்குக் கிழக்கே இருப்பது தூங்கி எழும் இடம் என்ற கணக்கு. உடன்பாடு கையெழுத்தான 1976-இல் மைக்ரோசாஃப்ட் என்பது நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் இருந்த ஒரு குட்டிக் கம்பெனி. 1979-இல் அது பெல்வ்யூவுக்கு வந்தது, 1986-இல் ரெட்மண்டுக்கு. அப்புறம் கணக்கு மொத்தமாகப் புரண்டுவிட்டது. காலையில் சியாட்டிலிலிருந்து கிழக்கே போகிறவர்கள் எதிர்த்திசைக்காரர்களுக்குச் சமமாகப் பெருகினார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களும் கணிசம். பாலத்தில் 550 பஸ் ஏறினால் இரண்டு வரிசை தள்ளி யாராவது வீட்டுக்குப் போன் பண்ணி ரசத்துக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். காலையில் கிழக்கே போகும் பஸ்ஸுக்கு நடுத்தடம் கிடையாது. மற்ற கார்களோடு சேர்ந்து அதுவும் ஊர்ந்தாக வேண்டும். பொதுப் போக்குவரத்துக்கே முதல் முன்னுரிமை என்று எழுதிய உடன்பாடு, பாதிப் பஸ்களுக்குப் பொருந்தாமல் போய்விட்டது.

இதுதான் 2004 திருத்தத்தின் பின்னணி. 1976-இல் கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் அதற்குள் அதே உருவில் இல்லை. மெட்ரோ கிங் கவுண்டியோடு இணைந்துவிட்டது. நெடுஞ்சாலை ஆணையத்தின் இடத்தில் மாநிலப் போக்குவரத்து ஆணையம். புதிதாக சவுண்ட் ட்ரான்சிட் என்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பு வந்து சேர்ந்திருந்தது. நான் வேலையில் பார்க்கும் பழைய மென்பொருள்களின் நிலைமை இதேதான். எழுதியவர்கள் போய்விட்டார்கள், துறை பெயர் மாறிவிட்டது, எழுதியது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2004 ஆகஸ்டில் செய்த திருத்தம் ரத்தினச் சுருக்கமாக இரண்டு காரியங்களைச் சொன்னது. ஒன்று, இரு பக்கச் சாலைகளிலும் ஏற்கெனவே இருந்த தடங்களையும் ஓரங்களையும் குறுக்கி, இரு திசைக்கும் ஒவ்வொரு கார்பூல் தடம் சேர்ப்பது. இதற்கு ஆர்-8ஏ என்று பெயர். கேட்டால் மருந்துக் கடை மாத்திரை மாதிரி இருக்கும். இரண்டு, நடுத்தடங்களின் இறுதி வடிவம் உயர்திறன் பொதுப் போக்குவரத்து; நடைமுறையில் ரயில். இதனால் மெர்சர் தீவுக்காரர்களின் போக்குவரத்து வசதி குறையுமானால், அந்தக் குறையை, நடுத்தடங்கள் மாற்றப்படுவதற்கு முன்பு, திருப்திகரமாகத் தீர்க்க வேண்டும். பொறுப்பு மாநில ஆணையத்துக்கு.

படிப்பவர்கள் எல்லோரும் 'திருப்திகரமாக' என்ற சொல்லில்தான் நிற்பார்கள். யாருக்குத் திருப்தி? எந்த அளவுகோல்? நானும் முதலில் அங்கேதான் நின்றேன். அதைக் குறையாகச் சொல்வது சுலபம். எத்தனை பஸ், எத்தனை பார்க்கிங் என்று 2004-இல் எண் போட்டு எழுதியிருந்தால் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ரயில் எந்த வருஷம் வரும் என்றே தெரியாத நிலையில் எந்த எண்ணுமே பொய்தான். ஆகவே அந்தச் சொல்லின் வேலை, சண்டையைத் தள்ளிப்போடுவது. உண்மையான வலு இருப்பது அதற்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் 'முன்பு' என்ற சொல்லில். முதலில் ஓரத் தடங்கள், பிறகு நடுத்தடம். முதலில் தீவின் குறை, பிறகு ரயில். அமைப்புகளுக்கு இடையிலான உடன்பாட்டில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, எது எதற்கு முன் நடக்க வேண்டும் என்பதே பிடி. வாக்குறுதியை நீட்டி விளக்கம் சொல்லிக் கரைத்துவிடலாம். வரிசையை அப்படிக் கரைக்க முடியாது.

நடுவில் நடந்தவற்றை வேகமாகக் கடக்கிறேன். 2005-இல் ரயிலின் எடைக்கு ஈடாகப் பாரம் ஏற்றிய லாரிகளைப் பாலத்தின் மேல் ஓட்டி, மிதவைகள் எவ்வளவு அமிழ்கின்றன என்று பார்த்தார்கள். 2008 நவம்பரில் வாக்காளர்கள் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கச் சம்மதித்தார்கள். பெல்வ்யூவின் பெரிய கட்டட முதலாளி கெம்பர் ஃப்ரீமன் வழக்குப் போட்டார். வாஷிங்டன் மாநில அரசியலமைப்பில் 1944-இல் செய்த ஒரு திருத்தப்படி, பெட்ரோல் வரிப் பணத்தை நெடுஞ்சாலைக்கு மட்டுமே செலவழிக்கலாம். அந்தப் பணத்தில் கட்டிய தடத்தை ரயிலுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். லேசான வாதம் இல்லை. அரசு தடங்களுக்கு விலை மதிப்பிட்டு, சவுண்ட் ட்ரான்சிட்டுக்கு 40 வருஷக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் ரயிலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாலம் நம்முடையது, தடம் வாடகைக்கு. நாலாவது மாடியை மட்டும் குத்தகைக்கு விடுகிற மாதிரி.

2016-இல் அந்த 'முன்பு' உயிர்த்தெழுந்தது. நடுத்தடம் போனால் என்ன, புதிய கார்பூல் தடங்களில் ஒற்றை ஆளாகப் போகிறோம் என்று தீவுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் முடியாது என்று எழுதிவிட்டது. 1976-இன் மூன்றாவது முன்னுரிமை அங்கே செத்தது. ஒரு விசித்திரம் பாருங்கள்: ஆறு தரப்பில் எவரும் அதை மீறவில்லை. உடன்பாட்டில் கையெழுத்தே போடாத ஏழாவது கை அதை அழித்தது.

2017 பிப்ரவரியில் மெர்சர் தீவு வழக்குத் தொடுத்தது. நடுத்தடங்களைக் கார்களுக்கு மூடுவதற்குச் சில மாதங்கள்தான் பாக்கி. அந்த நேரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்காது. கட்டிய பிறகு 'முன்பு' என்பதற்கு மதிப்பு கிடையாது. வேலையை உடனே நிறுத்தச் சொல்லும் உத்தரவு கிடைக்கவில்லை. ஆனாலும் சவுண்ட் ட்ரான்சிட் பேச வந்தது. பார்க்கிங், தெருப் பாதுகாப்பு என்று சுமார் 1 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. காகிதத்தில் பொறுப்பு மாநில ஆணையத்துக்கு. பணம் கொடுத்தது ரயில் கட்ட அவசரப்பட்டவர்கள். 2017 ஜூனில் நடுத்தடங்கள் கார்களுக்கு மூடப்பட்டன. ஓரக் கார்பூல் தடங்களின் கடைசிப் பகுதி திறந்ததும் அப்போதுதான். வரிசை காப்பாற்றப்பட்டது, மயிரிழையில்.

தீவுக்காரர்களைப் பணக்காரக் கும்பல் என்று கிண்டல் செய்வது இங்கே ரொம்பப் பழைய பொழுதுபோக்கு. நானும் பஸ்ஸில் நின்றுகொண்டே கொஞ்சம் செய்திருக்கிறேன். ஆனால் கையில் காகிதம் இருந்தால் அதை நீட்டத்தான் செய்வார்கள், யாரும் செய்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மூன்றாவது முன்னுரிமையை இழந்தவர்களுக்கு நாற்பது வருஷம் கழித்து நஷ்ட ஈடு கிடைத்தது. அறுபதுகளில் ஜட்கின்ஸில் வீட்டை இழந்தவர்களுக்கு அந்த உடன்பாட்டில் தனிக் கையெழுத்து இல்லை. அவர்களுக்காகவும் சேர்த்து சியாட்டில் நகராட்சி போட்டது. அவர்களுக்கென்று ஒரு 'முன்பு' எந்த ஷரத்திலும் இல்லை. இடிக்கப்பட்ட தெருக்களுக்கு அருகில் இப்போது ஜட்கின்ஸ் பார்க் ரயில் நிலையம் நிற்கிறது. அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் பேரப்பிள்ளைகளோடு அதில் ஏறுவார்கள்?

பொறியியலைத் தாண்டிப் போக மனசு வரவில்லை, ஒரு பத்தி மட்டும். ஏரியின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் இரண்டு அடி மாறும். மிதக்கும் பகுதி ஏறி இறங்கும், காற்றில் பக்கவாட்டில் நகரும், ரயிலின் எடையில் சாயும். கரையோடு ஒட்டிய பகுதியோ அசையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்டவாளம் உடையாமல் வளைய வேண்டும். அதற்காகத் தனியாகத் தண்டவாளப் பாலங்களை வடிவமைத்து, கொலராடோவின் பியூப்லோவில் உள்ள சோதனைத் தளத்தில் ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். கடினம் என்று எல்லோரும் பயந்த அந்த இணைப்பு ஒழுங்காக வந்தது. சொதப்பியது சாதாரண வேலையில். மிதக்காத பகுதிகளில் தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டைகள் சரியாக அமையாமல், உடைத்து மறுபடி போட்டார்கள். 2023-இல் திறந்திருக்க வேண்டிய தடம் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில்தான் ஒரு சோதனை ரயில் சொந்த மின்சாரத்தில் ஏரியைக் கடந்தது.

பாலத்திலிருந்து கிழக்கே வரும் தண்டவாளம் மெர்சர் தீவில் ஒரு மூடிக்குக் கீழே நுழைகிறது. 1976-இல் தீவு கேட்டு வாங்கிய மூடி. மேலே மண் கொட்டி, புல் வளர்த்து, பேஸ்பால் மைதானமும் டென்னிஸ் தளமும் அமைத்து, ஆப்ரி டேவிஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் 2013-இல் இறந்தார். சனிக்கிழமை காலையில் போனால் மைதானத்தில் பிள்ளைகள் பந்தைத் தேடி ஓடிக்கொண்டிருப்பார்கள். நெடுஞ்சாலையின் இரைச்சல் ஏதோ தூரத்து அருவி மாதிரி கீழேயிருந்து கேட்கும்.