துப்பட்டி: இரண்டு பட்டைகளின் பெயர்

ஆவடிக் கடைத்தெருவில் இப்போது துப்பட்டி கேட்பவர்கள் குறைவு. "டபுள் பெட்ஷீட்" என்றால்தான் கடைக்காரர் கை நீட்டுவார். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பெரியவர்கள் பேச்சில் மட்டும், "ஊதக்காத்து அடிக்குது, துப்பட்டியை இழுத்துப் போத்திக்கோ" என்று அந்தச் சொல் பிழைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பெயருமே 'இரண்டு' என்றுதான் தொடங்குகின்றன. டபுள் என்பது படுக்கும் ஆட்களின் கணக்கு. துப்பட்டியில் இருப்பது துணியின் கணக்கு.

இந்தி, உருதுவில் 'தோ' இரண்டு. 'பட்டா' நீளத் துண்டு. இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்த அகலத் துணி துபட்டா. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இதை இரண்டு அகலம் கொண்ட விரிப்பு என்றே பதிவு செய்கிறது. ஏன் சேர்க்க வேண்டும்? தறியில் ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடித்த காலத்தில், நெசவாளியின் கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் உருவாக்கினார். அது பரவும்வரை, ஆளை முழுக்க மூடும் துணிக்கு நடுவில் ஒரு தையல் தேவைப்பட்டது. இன்று மில் துணியில் அந்தத் தையல் இல்லை, பெயரில் இருக்கிறது.

அந்தச் சொல்லைத் தமிழில் 'துபட்டி' என்று எழுதினால் நடு எழுத்து மெலிந்து ஒலிக்கும். வல்லோசை நிலைக்க 'ப்ப' இரட்டித்தது. தெலுங்கிலும் போர்வைக்கு 'துப்படி' என்றே பெயர். ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் இரண்டு உச்சரிப்புக்கும் இடம் உண்டு. ஆவடியில் 1961இல் படை உடைத் தொழிற்சாலை வந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. வடக்கத்திக் குடும்பங்கள் குடியேறிய ஊரில் அந்தச் சொல்லின் மூல வடிவமும் தெருவில் நடமாடுகிறது.

துணிக்கு வெளியூர்ப் பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்த்தியதைப் புறநானூறு 'படாம்' என்கிறது, சிறுபாணாற்றுப்படை 'கலிங்கம்' என்கிறது. கலிங்க நாட்டின் பெயரே துணிக்கு ஆகிவந்தது.

பெயரிலுள்ள தையல் துவைக்கும்போதும் நினைவில் இருக்கட்டும். பழைய கைத்தறித் துப்பட்டி ஈரத்தில் பெருங்கனம் கனக்கும். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினால் முதலில் விடுவது நடுத் தையல்தான். மடித்து அழுத்தி நீரை வடித்துவிட்டு, இரண்டு கொடிகளில் பரப்பிக் காயப்போடுவது நல்லது. வாஷிங் மெஷினில் எழுதியிருக்கும் 6 கிலோ, 7 கிலோ எல்லாம் உலர்ந்த துணியின் எடை. தொட்டியை அடைத்துத் திணித்தால் அழுக்கு இடம்தான் மாறும். தூசிப்பூச்சி சாக 60 டிகிரி வெந்நீர் வேண்டும். அது பருத்திக்குச் சரி. கம்பளி சூட்டிலும் கசக்கலிலும் இழைகளின் செதில்கள் பின்னிக்கொண்டு சுருங்கிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர் வீடுகளுக்குள் புகுந்தபோது படுக்கைகள் முதலில் நனைந்தன. சாக்கடை கலந்த நீர் குடித்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்றப் பார்ப்பது வீண். மேலே காய்ந்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். விரிப்புகளைக் கையுறையோடு சேறு போக அலசி, பிறகு வெந்நீரில் துவைக்கலாம். பிளீச்சிங் பவுடர் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். அதோடு கழிப்பறை ஆசிடைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

இதே சொல் துப்பட்டா என்று இன்னொரு முறையும் வந்து, சுடிதாரின் தோளில் ஏறியது. இதில் இரண்டும் இல்லை, பட்டையும் இல்லை. ஒற்றை மெல்லிய துணி. காயல்பட்டினத்திலோ துப்பட்டி என்றால் பெண்கள் வெளியே போகும்போது போர்த்தும் வெள்ளைத் துணி. பிறந்த இடம் ஒன்றானாலும் படுக்கைத் துப்பட்டியையும் புதுத் துப்பட்டாவையும் ஒரே வாளியில் ஊறவைக்காதீர்கள். துப்பட்டாவின் ஓரத்தை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதற்குத் தனி வாளி.