பண்ணை வீட்டுக்கு எதுக்கு அகழி?

அகழி என்றதும் கோட்டையும் முற்றுகையும்தான் நினைவுக்கு வரும், இல்லையா? இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடங்கள் சுமார் 6,000 அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கோட்டைகள் அல்ல. நிலக்கிழார்களின் வீடுகளும் பண்ணைகளும்தான். 1250 முதல் 1350 வரைதான் இவை அதிகம் வெட்டப்பட்டன.

எதிரிக்குப் பயந்தா?

ஹெர்ஃபோர்ட்ஷயரில் உள்ள லோயர் பிராக்ஹாம்ப்டன் பண்ணை வீட்டைப் பாருங்க. வயது சுமார் 600. மரச் சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளை அடைத்துப் பூசிய சுவர்கள். உள்ளே, கூரை வரை திறந்த உயரமான கூடம். அகழி மேல் நிற்கும் நுழைவாயில் கட்டடம் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அதுவும் மரம்தான், அதன் மாடி, கீழ்த்தளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பீரங்கிகள் வந்துவிட்ட காலத்தில் இது யாரைத் தடுக்கும்? ஒரு தீப்பந்தம் போதும்.

அப்போ எதுக்கு?

முக்கியமான காரணம், அந்தஸ்து. ஆள் வைத்து இவ்வளவு மண்ணை வெட்டும் வசதி தனக்கு இருப்பதை ஊருக்குக் காட்டணும். கூடவே சில லாபங்கள்: மீன் வளர்க்கலாம், களிமண் நிலத்தில் வீட்டைச் சுற்றித் தேங்கும் நீர் வடியும், திருடர்களும் மேயும் மாடுகளும் எளிதில் உள்ளே வர முடியாது.

இந்த வீடு 1946 முதல் நேஷனல் டிரஸ்ட் வசம் பத்திரமாக இருக்கிறது. எல்லா அகழிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல தூர்ந்துபோய் வயலாகிவிட்டன. சஃபோக், எசெக்ஸ் பக்கம் சாட்டிலைட் மேப்பில் ஒரு பண்ணையைச் சுற்றிச் சதுரமாகத் தண்ணீர் தெரிந்தால், போர்க்களம்னு நினைச்சிடாதீங்க. அது அநேகமா யாரோ ஒருத்தர் காட்டிய கெத்து.