மாதிரித் தொடருந்துத் தளவமைப்பில் கட்டிடங்கள்

மாதிரித் தொடருந்துத் தளவமைப்பில் இடம்பெறும் நிலையம், வீடு, சரக்குக் கொட்டகை முதலிய சிறு கட்டிடங்களைச் சுற்றியுள்ள நிலத்தோற்றத்துடன் இயல்பாகப் பொருந்துமாறு அமைப்பது இப்பொழுதுபோக்கின் கடினமான வேலைகளுள் ஒன்றாகும். கட்டிடம் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும், நிலத்தின்மேல் கொண்டுவந்து வைத்த பெட்டியைப் போலத் தெரிந்தால், காட்சி முழுவதும் பொம்மையாகிவிடுகிறது.

சுவரும் நிலமும் சந்திக்கும் இடம்

பெரும்பாலான தளவமைப்புகளில் குறையைக் காட்டிக்கொடுப்பது சுவரின் அடியில் தெரியும் மெல்லிய இடைவெளியே. பரவலாகப் பயன்படும் எச்ஓ அளவுத்திட்டம் 1:87 ஆகும். இதில் 170 செமீ உயரமுள்ள மனிதர் ஏறத்தாழ 20 மிமீ உயரமே இருப்பார். சுவரடியில் விடப்படும் 1 மிமீ இடைவெளி, உண்மை அளவில் 87 மிமீ அகலமான பிளவுக்குச் சமம். உண்மையான வீட்டின் அடித்தளம் மண்ணுக்குள் இருப்பதால் அங்கே இத்தகைய பிளவு தோன்றுவதில்லை.

இதனைத் தவிர்க்க, கட்டிடத்தின் அடிப்பகுதி நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்குமாறு தளத்தில் ஒரு பள்ளம் விடப்படுகிறது. கட்டிடத்தின் அடியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றிப் பள்ளத்தில் வைத்து, அதனைச் சுற்றிச் சாந்து பூசுவது ஒரு வழி. சாந்து இறுகியபின் தாளை நீக்கிவிட்டால், கட்டிடம் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தும். உள்விளக்கைப் பழுதுபார்க்க வேண்டியபோது அதனைத் தூக்கியெடுக்கவும் இயலும். பின்னர் சுவரோரமாக மண்ணும் புல்தூளும் தூவப்பட்டு, நீர்த்த வெண்பசையால் ஒட்டப்படுகின்றன. பசையில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்தால், அது தூளின்மேல் உருண்டு நிற்காமல் உள்ளே ஊறிச் செல்லும்.

சரிவான நிலத்தில் கட்டிடத்தையும் சரித்து வைப்பது புதியவர்கள் செய்யும் பிழை. தரை எப்போதும் கிடைமட்டமாகவே இருக்க வேண்டும். சரிவை ஈடுசெய்வது, ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் அமையும் அடிப்பீடமே. மழைத்துளிகள் தெறித்துச் சுவரின் கீழ்ப்பகுதியில் மண்கறை படிவதும் கவனிக்கத்தக்கது. கட்டிடத்தைச் சுற்றியுள்ள மண்ணின் நிறத்தையே சுவரடியிலும் மெல்லியதாகப் பூசினால், இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து தெரியும். எளிமையான இந்த ஒரு வேலை, விலையுயர்ந்த பல துணைப்பொருட்களைவிடக் கூடிய பயன் தருவதாகும்.

நிறமும் பழமையும்

பிளாஸ்டிக்கின் பளபளப்பை மங்கல் வார்னிசு போக்கும். சுவர் வழியே விளக்கொளி கசியாதிருக்க உட்புறத்துக்குக் கறுப்பு நிறம் பூசப்படுகிறது. நிறங்கள் உண்மையானவற்றைவிடச் சற்று வெளிறியே இருத்தல் நலம். மாதிரியைப் பார்ப்பவர் உண்மையில் தொலைவிலுள்ள கட்டிடத்தையே பார்ப்பதாகக் கொள்ள வேண்டும். ஆணிகளிலிருந்து வழிந்த துரு, புகைபோக்கியருகே படிந்த கரி ஆகியவற்றை நீர்த்த நிறத்தாலும் நிறச் சுண்ணக்கட்டித் தூளாலும் காட்டலாம். ஆனால் மழையும் புகையும் எங்கே படும் என்று எண்ணாமல் எல்லா இடத்திலும் அழுக்குப் பூசுவது, புதிய பளபளப்பைப் போலவே செயற்கையானது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மான்டெரே நகரில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் சான் ஆலன் இம்முறையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். காட்சியை நீட்டிக்காட்டக் கண்ணாடிகளையும் அவர் பயன்படுத்தினார். 1973 ஆம் ஆண்டில் அவர் இறந்த சில நாட்களில் அவரது தளவமைப்பு தீயில் அழிந்தது. ஒளிப்படங்களே எஞ்சியுள்ளன.

பென்டன் அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயரில் லாங் விட்டென்காம் என்னும் சிற்றூரிலுள்ள பென்டன் அருங்காட்சியகம் இக்கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இதனை 1954 இல் தொடங்கிய ராய் இங்கிலாந்து, பெயர் எவ்வாறிருப்பினும், ஆஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் வந்தவர். வைட் ஓர்சு பள்ளத்தாக்கின் பழைய வீடுகள் கண்ணெதிரே மாற்றப்படுவதைக் கண்ட அவர், அவற்றை மாதிரிகளாகவேனும் காக்க முற்பட்டார். அட்டையில் செய்து நீர்வண்ணம் தீட்டப்பட்ட வீடுகளைக் கொண்டு, 1920கள், 1930களில் இருந்த அந்நிலப்பகுதியை 1:76 அளவுத்திட்டத்தில் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக உருவாக்கி வருகின்றனர்.

அப்பகுதியில் சுண்ணப்பாறைக் கற்களால் கட்டிய வீடுகள் உண்டு. இக்கல் ஈரத்தில் சிதைவதால், சார்சன் என்னும் கடினமான கல்லால் அடிச்சுவர் கட்டுவது வழக்கம். இந்த அடிவரிசையை விட்டுவிட்டால் மாதிரி வீடு அழகாக இருக்கலாம். ஆனால் அது எவ்வூர் மண்ணுக்கும் உரியதாகாது. சான் அகேர்ன் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய மேடர் வேலி தளவமைப்பும் இங்கேயே பாதுகாக்கப்படுகிறது. பாதையையும் ஊரையும் ஒரே காட்சியாகக் கருதி அமைக்கப்பட்ட முன்னோடித் தளவமைப்புகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

தளவமைப்பின் பின்விளிம்பில் முழுக் கட்டிடத்துக்கு இடமிராது. அங்கே முகப்பும் சிறிதளவு ஆழமும் மட்டும் கொண்ட கட்டிடங்கள் வைக்கப்படுகின்றன. அவற்றுக்குச் சிறிய அளவுத்திட்டத்தைக் கையாண்டால் தொலைவு கூடியதாகத் தோன்றும். பின்திரையில் வரையப்படும் நிழல்கள், அறைவிளக்கின் ஒளி விழும் திசைக்கு ஒத்திருக்க வேண்டும்.