குப்பைத் தீயும் கலங்களும்

வீட்டு முற்றத்தில் குப்பையைக் குவித்து எரிப்பது நம்மவர்க்குப் பழகிப்போன காரியம். அதில் பி.வி.சி. போன்ற குளோரின் அடங்கிய பிளாஸ்டிக் கிடந்தால் புகையோடு டயொக்சினும் உருவாகிறது. காற்றில் பரவிப் படியும் அந்நஞ்சு, பெரும்பாலும் இறைச்சி, மீன், பால் ஆகியவற்றின் கொழுப்பு வழியே எம்மை வந்தடைகிறது.

டயொக்சின்களுள் மிகக் கொடியதான டி.சி.டி.டி., கலத்தினுள் உள்ள ஏற்பிப் புரதமொன்றுடன் பிணைந்து, கலக்கருவினுள் மரபணுக்களை வேண்டாத வேளையில் முடுக்கிவிடுகிறது. ஏனைய நச்சுக்கள் பலவற்றை நொதியங்கள் சிதைத்துவிடும். இதனை இலகுவில் சிதைக்க இயலாது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் செல்லும். தாய்ப்பாலிலும் அது கலக்கிறது என்பதே எம்மை அதிகம் உறுத்துகிறது. அது மனிதரில் புற்றுநோயை விளைவிப்பது என 1997 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது.

பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2017 இல் இலங்கை வர்த்தமானி மூலம் தடைசெய்தது. உள்ளூராட்சி மன்றங்கள் பிளாஸ்டிக்கைத் தனியாகவும் தவறாதும் சேகரித்தாலன்றி அத்தடை ஏட்டளவிலேயே நிற்கும்.